நாலு கட்சிக்கும் ஆகாதவர்

அத்தியாயம் 4

மருதப்பனுக்கு வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபத்தாறு வருடம் சிங்கப்பூர்ச் சாலைகளில் பேருந்து ஓட்டியவர். அத்தனை வருடத்தில் ஏறிய பயணிகளில் அவருக்கு வணக்கம் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் இன்று காலை பதினொன்றே கால் மணிக்குள் ஒரு மீன்காரி அவருக்கு வஞ்சிரம் ஒன்றை இனாமாகக் கொடுத்தாள், ஒரு படகுக்காரன் தோளில் கை போட்டுப் பேசினான், ஒரு காவல்காரன் சலாம் வைத்தான். மூன்று பேரும் கணினித் திரைக்குள் இருந்தார்கள் என்பது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை.

"வீட்டுல கூட எனக்கு இந்த மரியாதை கெடையாது மேடம்."

"பெருமைப்பட்டது போதும். எழுந்திரிங்கண்ணே, முதலாளி உக்காரட்டும்," என்றாள் ஷமீமா.

ஷமீமா துப்பறியும் தொழிலுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் காப்புறுதி நிறுவனம் ஒன்றில், கை முறிந்ததாகச் சொல்லிவிட்டுப் பூப்பந்து ஆடுகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குறிப்பேடு வைத்துக்கொள்ள மாட்டாள். கேட்டால், "அண்ணன் இருக்காரே" என்று மருதப்பனைக் காட்டுவாள். அவரும் நடப்பதையெல்லாம் பேருந்து நிறுத்தங்களைப் போல வரிசையாக மனதில் ஏற்றிக்கொள்வார். ஒன்று தவறினாலும் தூக்கம் வராது.

இப்போது இருவரும் நின்றிருந்தது சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பூக்கடைக்கு மேலே, மின்தூக்கி இல்லாத பழைய கடைவீட்டின் மூன்றாவது மாடியில். பத்துப் பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனம். 'உப்புத்துறை' என்று ஒரு கணினி விளையாட்டை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். பழைய காலத்துத் துறைமுகப் பட்டணம் ஒன்றில் நீங்கள் கப்பலிலிருந்து இறங்குகிறீர்கள். அங்கே நாலு கட்சி: சந்தைக்காரர், படகுக்காரர், உப்பளத்தார், காவலர். நீங்கள் நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்து ஒவ்வொரு கட்சியும் உங்களுக்கு மதிப்பெண் போடும். திரையின் ஓரத்தில் நாலு கோடுகள். பச்சை என்றால் பிடித்திருக்கிறது, மஞ்சள் என்றால் யோசிக்கிறார்கள், சிவப்பு என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள். மருதப்பனுக்கு மூன்று பச்சையும் ஒரு மஞ்சளும் விழுந்திருந்தன.

நிறுவனத்தின் முதலாளி ஃபஹத் நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயது. பிறந்தது சிங்கப்பூர், வளர்ந்தது முழுக்க துபாய், திரும்பி வந்து மூன்று வருடம். நல்ல மனிதர்தான், ஆனால் அவசரத்தில் பிறந்து அவசரத்தில் வளர்ந்தவர். காதில் ஒரு தொலைபேசி, கையில் ஒரு தொலைபேசி.

"பாத்துக்குங்க மேடம். நான் ஒரு தப்பும் பண்ணப் போறதில்ல."

பண்ணவும் இல்லை. கப்பலிலிருந்து இறங்கினார். ஒரு கிழவரின் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். காவல்காரனிடம் வழி கேட்டார். பசிக் கோடு குறைந்ததும் சாப்பாட்டு முற்றத்துக்குப் போய்ச் சாப்பிட்டார். படகுத்துறைக்கு நடந்தார். அங்கே போய்ச் சேர்வதற்குள் நாலு கோடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்துவிட்டன. படகுக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மருதப்பனுக்கு வஞ்சிரம் கொடுத்த அதே மீன்காரி, மீன் கழுவிய தண்ணீரை ஃபஹத்தின் காலடியில் ஊற்றினாள்.

"பன்னெண்டு நிமிஷம்! திங்கக்கிழமையிலேருந்து இப்படித்தான். நான் வெளையாண்டா மட்டும் இப்படி. மத்தவங்க யாருக்கும் இல்ல," என்று ஃபஹத் மேசையைத் தட்டினார்.

"நாலு பேருக்கும் ஒரே நேரத்துல புடிக்காமப் போறதுல என்ன சார் அதிசயம்? எங்க குடும்பக் கல்யாணத்துக்கு ஒருவாட்டி வாங்க," என்றார் மருதப்பன்.

"அங்கிள், அது நடக்கவே முடியாது லா. இந்த நாலு கட்சியும் எலியும் பூனையும். ஒருத்தனுக்கு நல்லது பண்ணா இன்னொருத்தனுக்குக் கோவம் வரும். ஒருத்தனைப் பகைச்சா அவனோட எதிரி உங்களைக் கூப்பிட்டு டீ வாங்கித் தருவான். டிசைனே அப்படி. நாலு பேரும் சேந்து ஒருத்தனை வெறுக்கிற மாதிரி எந்தக் காரியமும் இந்த ஊர்ல கெடையாது. அப்ப இது என்ன? சதி! என்னோட லாகினை மட்டும் குறி வச்ச சதி!"

சதி என்ற சொல்லை அவர் இன்று காலை ஒன்பதரைக்கே ஒரு முறை சொல்லியிருந்தார். கூடத்தின் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, ஹனீனைப் பார்த்துச் சொன்னார். நாலு கட்சியையும் அவற்றின் விருப்பு வெறுப்பையும் வடிவமைத்தவள் ஹனீன். இந்த மாதம் அவளுக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்திருக்கிறது. மூன்று மணிக்கு, விளையாட்டை வெளியிடப் போகிற நிறுவனத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஹனீனின் வேலை நீக்கக் கடிதம் ஃபஹத்தின் மேசையில் தயாராக இருந்தது. கையெழுத்துப் போடும் முன் ஆதாரம் கேட்டார் வழக்கறிஞர், அதனால்தான் ஷமீமாவுக்கு அழைப்பு.

"ரெண்டரைக்குள்ள கண்டுபுடிச்சிருவீங்கல்ல?"

"கண்டுபுடிச்சது உங்களுக்குப் பிடிக்கணும்னு கட்டாயம் இல்லையே?" என்று கேட்டாள் ஷமீமா.

ஃபஹத்துக்குக் கேள்வி புரியவில்லை. தொலைபேசி அடித்தது, போய்விட்டார்.

பின்கட்டில் தேநீர் போடும் இடத்தில் ஹனீன் நின்றிருந்தாள். இருபத்தொன்பது வயது, சாம்பல் நிற முக்காடு. அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள். பாசிர் ரிஸ்ஸிலிருந்து தினமும் ரயிலில் ஒரு மணி நேரம் வந்து போகிறவள்.

"நான் செய்யல அக்கா. வல்லாஹி செய்யல. மூணு வருஷமா அந்தப் பட்டணத்துல எந்தக் கிழவிக்கு யாரைப் புடிக்கும்னு நான்தான் உக்காந்து யோசிச்சேன். அதை நானே கெடுப்பேனா? இன்னைக்கு சதி பண்ணவள்னு பேரோட வெளியில போனா, இந்த ஊர்ல ஒரு ஸ்டூடியோவும் என்னை எடுக்காது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச தொழில் இது."

"ஒருத்தர் கெட்ட பேர் வாங்கினா அது எப்படிம்மா பரவும், உங்க கேம்ல?"

தன் வேலையைப் பற்றிக் கேட்டதும் ஹனீனின் குரல் நிமிர்ந்தது. "ஒவ்வொருத்தருக்கும் கண்ணு உண்டு, வாய் உண்டு. கண்ணால பாத்தாத்தான் நம்புவாங்க. பாத்ததைத் தன் கட்சிக்காரங்ககிட்ட மட்டும் சொல்லுவாங்க. எதிர்க்கட்சி சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் எடுக்கும் பரவுறதுக்கு."

"ஏன் கோவம்னு ஆடறவருக்குச் சொல்லுவாங்களா?"

"மாட்டாங்க. நெஜத்துல யாரு அக்கா வந்து காரணம் சொல்றாங்க?"

மருதப்பனுக்கு இந்தப் பெண்ணை மிகவும் பிடித்துவிட்டது. முப்பது வருடமாகப் பேசாமல் இருக்கும் ஒரு மைத்துனனின் நினைவு வந்தது. அவனும் இன்றுவரை காரணம் சொல்லவில்லை.

"முதலாளியோட என்ன சண்டை?" என்று கேட்டாள் ஷமீமா.

"மன்னிப்புல. கெட்ட பேர் வாங்கினவன் எப்படித் திரும்ப நல்ல பேர் எடுக்கறதுன்னு. அவர் மன்னிப்புச் சீட்டு விக்கலாம்னாரு. பட்டனை அமுக்கினா நாலு கோடும் பச்சை ஆயிரும். நான் முடியாதுன்னேன். யாரெல்லாம் பாத்தாங்களோ அவங்க முன்னாடி போய் நின்னு கேக்கணும், அதான் மன்னிப்புன்னேன். 'யாரு அங்கிள் இதெல்லாம் பொறுமையா வெளையாடுவா'ன்னு கோவிச்சுக்கிட்டாரு."

"உன்னை அங்கிள்னாரா?" என்றார் மருதப்பன்.

"கோவத்துல அவருக்கு ஆள் தெரியாது." ஹனீன் அந்த நாளில் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

அப்போது கூடத்தில் ஒரு சிறு சலசலப்பு. நிரல் எழுதும் ரஞ்சன், நெட்டையான ஆள், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு டிஷ்யூ பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படியிறங்கி ஓடினான். மணி பன்னிரண்டு இருபது.

"மேடம்," என்று மருதப்பன் குரலைத் தாழ்த்தினார், "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது. அழுவுறதுக்குத் தனியா எடம் தேடிப் போறான். கைக்கு டிஷ்யூவும் எடுத்துக்கிட்டான்."

"பாத்தேன்," என்றாள் ஷமீமா. "அண்ணே, ஒண்ணு கேக்கணும். நீங்க கேம்ல எங்க சாப்பிட்டீங்க?"

"அந்த முற்றத்துலதான். ஒரே கூட்டம், நாலு கட்சிக்காரனும் அங்கதான் சாப்பிடுறான். ஒரு எடம் காலியில்ல. நின்னுக்கிட்டே சாப்பிட்டேன்."

"அவர் உக்காந்து சாப்பிட்டார்."

"முதலாளி ஆச்சே மேடம். எங்க போனாலும் எடம் கெடைக்கும்."

சாப்பிட வாருங்கள் என்று ஃபஹத் கூப்பிட்டதும் ஷமீமா உடனே கிளம்பினாள்.

மதிய நேரத்தில், பக்கத்திலிருக்கும் தேக்கா சந்தையில் நிற்க இடம் கிடைத்தாலே பாக்கியம். உணவங்காடிக்குள் புகை, சத்தம், தட்டோடு அலைகிற கூட்டம். காலியாக இருக்கிற மேசை ஒவ்வொன்றிலும் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தது, சிலவற்றில் குடை, ஒன்றில் யாரோ வேலை அட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆள் இல்லாவிட்டாலும் அந்த இடத்துக்கு ஆள் உண்டு என்று அர்த்தம். சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மருதப்பனின் இத்தனை வருட அனுபவத்தில், பச்சை விளக்கு விழாமலே சாலையைக் கடக்கிறவன்கூட டிஷ்யூ வைத்த மேசையில் கை வைத்ததில்லை.

ஃபஹத் தொலைபேசியில் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார். தூணுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு பொட்டலம். நேராகப் போய் உட்கார்ந்தார். பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு தாளை உருவி மேசையைத் துடைத்தார், இன்னொன்றை உருவி நெற்றியைத் துடைத்தார்.

"உக்காருங்க மேடம், அங்கிள். எப்பவும் நமக்கு எடம் இருக்கும்."

மருதப்பன் உட்காரவில்லை. அவரால் முடியவில்லை. ஏனென்றால் இரண்டு கையிலும் மீனுருண்டை சூப்பை ஏந்திக்கொண்டு ஒரு சீன மாது அந்த மேசைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். பொட்டலத்தைப் பார்த்தார், ஃபஹத்தைப் பார்த்தார். பானக் கடை அங்கிள் கோப்பை கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எதிர்க் கடை மலாய் மாது கரண்டியோடு எட்டிப் பார்த்தார். பிரியாணிக் கடை பாய் தலையை ஆட்டினார். தட்டு எடுக்கும் பெரியவர் வண்டியை நிறுத்திவிட்டு உச்சுக் கொட்டினார். எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இந்த ஐந்து பேரும் ஒரே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு வரிசை தள்ளி ஒரு மேசையிலிருந்து ரஞ்சன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். பிறகு ஓடி வந்தான். அந்த மாதிடம் குனிந்து மன்னிப்புக் கேட்டு, சூப்பை வாங்கிக்கொண்டு, தான் பிடித்து வைத்திருந்த மேசைக்கு அவரை அழைத்துப் போனான். ஃபஹத் தொலைபேசியிலிருந்து நிமிரவே இல்லை.

திரும்பி வந்த ரஞ்சனை ஷமீமா தூணுக்குப் பின்னால் நிறுத்தினாள். "இது வாரத்துல எத்தனை நாள்?"

"மூணு. கூட்டமா இருந்தா நாலு," என்றான் அவன் பரிதாபமாக. "தெனமும் நான் முன்னாடி வந்து டிஷ்யூ வச்சு எடம் புடிச்சிருவேன் அக்கா. அவர் மொத நாளே அதைப் பாத்துட்டாரு. டிஷ்யூ இருந்தா அது நம்ம டேபிள்னு நெனைச்சுக்கிட்டாரு. எந்த டேபிளா இருந்தாலும்!"

"மூணு வருஷமா யாரும் சொல்லலையா?"

"பாஸ் லா அக்கா. யாரு சொல்றது?"

ஷமீமா பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். மருதப்பன் வைக்கவில்லை. துப்பு எங்கேயும் ஓடிவிடாது, ஆறிப்போன பிரியாணி திரும்ப வராது என்பது அவர் கொள்கை.

ஒன்றே முக்கால் மணிக்கு எல்லோரும் மறுபடி கணினியைச் சுற்றி நின்றார்கள். ஹனீன் கடைசியில், சுவரோரமாக. ஷமீமா நாற்காலியை மருதப்பனுக்கு இழுத்துப் போட்டாள்.

"அண்ணே, சாப்பாட்டு முற்றத்துக்குப் போங்க. அதோ, மரத்தடியில ஒரு மேசை காலியா இருக்கு பாருங்க."

"காலியில்ல மேடம். கைக்குட்டை மடிச்சு வச்சிருக்கு."

"அதை எடுத்துப் போட்டுட்டு உக்காருங்க."

மருதப்பன் சுட்டியை நகர்த்தினார். அம்புக்குறி கைக்குட்டையின் மேல் போய் நின்றது. அங்கேயே நின்றது. அவர் நெற்றியில் வேர்வை பூத்தது.

"என்ன அண்ணே?"

"யாரோ வச்ச எடம் மேடம்."

"கேம்தானே?"

"கேமா இருந்தாலும் மனசு கேக்கல. வேணும்னா அந்தக் காவல்காரனை ரெண்டு அறை அறையச் சொல்லுங்க, அறையறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஷமீமா அவர்கள் பக்கம் திரும்பினாள். "நீங்கதானே ஒரு வாரமா டெஸ்ட் பண்றீங்க? உங்கள்ல எத்தனை பேர் அந்த மேசையில உக்காந்தீங்க?"

ஒருவரும் கை தூக்கவில்லை. ஒருவர் மட்டும், "ஏன் உக்காரணும்?" என்று கேட்டார்.

"ஃபஹத் சார், இப்ப நீங்க."

ஃபஹத் உட்கார்ந்தார். முற்றத்துக்குப் போனார். கைக்குட்டையைத் தட்டிவிட்டார், அமர்ந்தார். எல்லாம் சேர்த்து இரண்டு விநாடி. முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை தலைகளும் மெதுவாக அவர் பக்கம் திரும்பின. சந்தைக்காரர், படகுக்காரர், உப்பளத்தார், காவலர்.

"நாலு கட்சியும் சேந்து வெறுக்கற காரியம் ஊர்லயே இல்லன்னீங்க. ஒண்ணு இருக்கு," என்றாள் ஷமீமா. "நாலு கட்சியும் ஒண்ணா உக்காந்து சாப்பிடற எடமும் அது ஒண்ணுதான். அடுத்தவங்க சொன்னா நம்ப மாட்டாங்க, கண்ணால பாத்தா நம்புவாங்க. இங்க எல்லாரும் கண்ணால பாத்துட்டாங்க. இந்த ஊர்ல வளந்தவங்க யாரும் அந்த மேசையில உக்கார மாட்டாங்க, அதனால எந்த டெஸ்டரும் மாட்டல. மாட்டினது நீங்க மட்டும்."

நாலு கோடுகளும் சிவக்கத் தொடங்கின. ஃபஹத் அதைப் பார்த்தார், பிறகு சட்டென்று எழுந்தார்.

"அப்ப சதிதானே! எனக்குன்னே வச்ச பொறி! நான் எடம் தெரியாம உக்காருவேன்னு ஹனீனுக்குத் தெரியும்!"

"எனக்குத் தெரியாது," என்றாள் ஹனீன். அவள் குரலில் உண்மையான வியப்பு இருந்தது. "அந்தக் கைக்குட்டையே நான் வைக்கல. அப்படி ஒரு விதியே என் கட்சிக் கணக்குல கெடையாது."

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு நெட்டை உருவம் குட்டையாக முயன்றுகொண்டிருந்தது.

"நான்தான் பாஸ்," என்றான் ரஞ்சன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"போன வாரம் நீங்க மெசேஜ் போட்டீங்கல்ல, சாப்பாட்டு முற்றத்துல சிங்கப்பூர் வாசனையே இல்லன்னு? சரி, இங்க மாதிரியே டிஷ்யூ வச்சு எடம் புடிக்கிற ச்சோப் வழக்கத்தை வைப்போம்னு திங்கக்கிழமை சேத்தேன். டிஷ்யூ அந்தக் காலத்துல இல்ல, அதனால கைக்குட்டை. அதை மேசை நாற்காலி கணக்குலதான் எழுதினேன், கட்சிக் கணக்குல எழுதல. அதான் ஹனீன் லிஸ்ட்ல தெரியல. உக்காந்தா சும்மா அஞ்சு மார்க் கொறையும். அஞ்சே அஞ்சு பாஸ்! பாக்கற ஆளுக்கு அஞ்சு."

"முற்றத்துல எத்தனை பேர்?" என்று கேட்டாள் ஷமீமா.

ரஞ்சன் உதட்டை அசைத்து எண்ணினான். முகம் வெளிறியது. "எண்பது."

ஒவ்வொரு கட்சியிலும் இருபது ஜோடிக் கண், ஜோடிக்கு ஐந்து. நூறு மதிப்பெண்ணும் ஒரே உட்காரலில் காலி.

"அப்ப ஏண்டா காலையில சொல்லல?" என்றார் ஃபஹத்.

"நீங்க அந்த மேசையில உக்காருவீங்கன்னு எனக்கு எப்படித் தெரி..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். தேக்காவில் மூன்று வருடமாகத் தான் சுமந்த சூப்புகள் எல்லாம் அவன் கண்முன்னால் வந்து போயிருக்க வேண்டும். "தெரிஞ்சிருக்கணும்," என்று முடித்தான்.

டிஷ்யூ விவகாரத்தை ஷமீமா ஃபஹத்துக்குத் தனியாக, மெதுவாக விளக்கினாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மருதப்பனுக்கே பாவமாக இருந்தது. மூன்று வருடம், வாரம் மூன்று நாள். தேக்காவில் தனக்கு எத்தனை சிவப்புக் கோடு இருக்கும் என்று மனிதர் கணக்குப் போடுவது கண்ணில் தெரிந்தது.

பிறகு ஃபஹத் கடிதத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். ஹனீனை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ஷமீமாவும் மருதப்பனும் சாட்சிகளாக உள்ளே நின்றார்கள்.

"லெட்டரைக் கிழிச்சிட்டேன், பாரு. சாரி ஹனீன். ரியலி சாரி. உன் வேலை உனக்குத்தான். மூணு மணிக்கு நீயே டெமோ காட்டு. ஓகே லா?"

ஹனீன் கிழிந்த காகிதத்தைப் பார்த்தாள். அதற்காகத்தான் காலையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

"காலையில கதவைச் சாத்திட்டுச் சொல்லலையே," என்றாள்.

ஃபஹத்துக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வாக்குவாதம் பண்ணுவார் என்று மருதப்பன் எதிர்பார்த்தார். பண்ணவில்லை. "எத்தனை பேர் இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஒம்பது பேர்."

கதவைத் திறந்து கூடத்துக்கு வந்து ஃபஹத் தலைகளை எண்ணினார். எட்டு. மறுபடி எண்ணினார். எட்டுதான்.

"ரத்தினம்மாக்கா," என்றாள் ஹனீன். "கூட்டிக்கிட்டு இருந்தாங்க. நீங்க சொன்னதும் தொடப்பத்தைக் கீழ போட்டுட்டாங்க. அவங்க என்னைப் பாத்த பார்வைதான் காலையிலேருந்து என் மனசுல நிக்குது."

துப்புரவு வேலைக்கு வரும் ரத்தினம்மா ஒரு மணிக்கே போயிருந்தார். இந்நேரம் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார், மூன்று மணிக்கு வேறு இடத்தில் வேலை. அப்போது மணி இரண்டு முப்பத்தைந்து. ஃபஹத் இரண்டு தொலைபேசிகளையும் மேசையில் வைத்துவிட்டுப் படிகளில் பாய்ந்தார். துப்பறிகிறவரின் உதவியாளர் என்ற முறையில் மருதப்பனும் பின்னால் ஓட வேண்டியதாயிற்று. முழங்காலைக் கேட்டுக்கொண்டு அவர் இந்தத் தொழிலுக்கு வரவில்லை.

ரத்தினம்மா பானக் கடைக்கு எதிரே உட்கார்ந்து ஆற அமரத் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் ஆபீசுக்கு வரணும். அர்ஜென்ட்," என்றார் ஃபஹத் மூச்சு வாங்க.

"இப்பத்தான் தம்பி உக்காந்தேன். குடிச்சிட்டு வரேன்."

"ஆள் வந்துருவாங்க அக்கா..."

"டீ கொதிக்குது தம்பி."

ஃபஹத் நின்றார். எதிரில் ஒரு நாற்காலி இருந்தது, அதற்கு நேராக மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம். நாற்காலியின் முதுகு வரை போன கையைத் தீ சுட்டது போல இழுத்துக்கொண்டார். ஆறு நிமிடம், கையைக் கட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவர் இடித்துவிட்டுப் போக, அந்த இடத்திலேயே நின்றார். பானக் கடை அங்கிள் அதைப் பார்த்தார். மறுபடி கோப்பை கழுவப் போய்விட்டார்.

மூவரும் படியேறி வந்தபோது மணி மூன்றாக நான்கு நிமிடம் இருந்தது. வெளியீட்டு நிறுவனத்திலிருந்து வந்த அஃப்ரீன் என்ற அம்மாள், தன் உதவியாளரோடு ஏற்கனவே வாசலில் நின்றிருந்தார். ரஞ்சன் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிஷம் மேடம்," என்றார் ஃபஹத் அவரிடம். அவரைச் சந்திக்க மூன்று மாதம் காத்திருந்த மனிதர், அவரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் போய் நின்றார். காலையில் நின்ற அதே இடம். வேர்வையில் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"காலையில இங்க நின்னு, ஹனீன் சதி பண்ணாங்கன்னு உங்க எல்லார் முன்னாடியும் சொன்னேன். அது பொய். விசாரிக்காம சொன்னேன். அவங்க செஞ்சது எல்லாம் சரியாத்தான் வேலை செஞ்சுது, தப்பு பண்ணினது நான். ஹனீன், என்னை மன்னிச்சிருங்க."

ரத்தினம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "எனக்கு அப்பவே தெரியும், அந்தப் புள்ளை அப்படிச் செய்யாது," என்று ஹனீனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். ஹனீன் அப்போதுதான் அழுதாள். காலையில் அழுததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்தது. மருதப்பனுக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க இருமினார், இருமல் நிஜமாகவே வந்து நிற்காமல் ரஞ்சன் அவருக்கும் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அஃப்ரீன் வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹனீனிடம் வந்தார். "இப்ப நடந்துச்சே, இது உங்க கேம்ல வருதாம்மா?"

ஹனீன் முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டெமோவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இன்னும் சேக்கல மேடம்," என்றாள். "இப்பத்தான் டெஸ்ட் பண்ணிப் பாத்தோம். வேலை செய்யுது."